குட்டையாக விழுந்த பந்து

மான்டிவிடியோவில் ஒரு செம்மண் ஆடுகளம்.
ஆறா கடலா என்று இன்னும் முடிவாகாத தண்ணீரிலிருந்து
மாலைக் காற்று.

மிர்த்தா எச்செவெரி, பல் வைத்தியர், வயது ஐம்பத்தெட்டு,
பின்கோட்டிலேயே குடியிருப்பவள்.
வருவதையெல்லாம் திருப்பி அனுப்பி
எதிராளி அலுத்து வலையில் கொட்டும்வரை
பொறுத்திருப்பவள்.

நான்குக்கு ஐந்து.
பிட்டலூகாவின் பந்து பாதி வழியில் விழுந்து
ஒரு கணம் எழுந்து நின்றது,
உட்காரச் சொல்லாத நோயாளி போல.

வெல்கிற அடி இல்லை இது.
வெல்லப்போகும் அடிக்கு
வழி விசாரிக்கும் அடி.
அடித்துவிட்டு அங்கேயே நிற்க முடியாது,
திரும்பிப் போகவும் முடியாது.

தமிழில் எழுதுகிற எனக்கு ஒரு சௌகரியம்:
மட்டை வீசுவதும் அடி, கால் எடுத்து வைப்பதும் அடி,
இந்த வரியும் ஓர் அடி.
மிர்த்தாவுக்கு ஸ்பானிய மொழி.
எல்லாவற்றையும் தனித்தனியாகத்தான் செய்தாக வேண்டும்.

பந்தைக் கீழே சீவி
அவனுடைய இடது மூலைக்கு அனுப்பினாள்,
தாழ்வாக, அவசரமில்லாமல்.
பிறகு ஓடினாள்.
காலுறைக்குள் செங்கல் தூள்.
வலை இவ்வளவு தணிவா!
இத்தனை வருஷம் தூரத்துச் சுவராகவே இருந்தது.

பிட்டலூகா வாயைத் திறந்துகொண்டு மட்டையைத் தூக்கினார்.
கீழ்க்கடைவாயில்
அவளே எப்போதோ அடைத்த வெள்ளி.
பரவாயில்லை, இன்னும் தாங்குகிறது
என்று நினைப்பதற்குள்
பந்து அவள் தலைக்கு மேலே போய்
அவள் எப்போதும் நிற்கும் இடத்தில் விழுந்தது.

அங்கே யாரும் இல்லை.