இவனில்லை

டீசல் பம்பு சரியாக மூன்று மணி நேரமாகும்
என்றான் மெக்கானிக்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
அர்வைகேர் கலாச்சார மாளிகை வாசலில்
தோலில்லாத மனிதன் ஒருவன் சுவரொட்டியிலிருந்து கையசைத்தான்:
உங்கள் உடலை அறியுங்கள், அனுமதி இலவசம்.
உள்ளே ஹீட்டர் இருக்கும் என்று நுழைந்தேன்.

முதலில் குடல்.
சிவப்புக் குழாயாகத் தரையில் நீட்டிப் போட்டிருந்தார்கள்.
பள்ளிப் பிள்ளைகள் அதன் ஓரமாக
ஒற்றைக்காலில் தாவிக்கொண்டிருந்தார்கள்.
இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு.
என் ஆடுகள் ஒவ்வொன்றும்
இதில் மூன்று மடங்கைச் சுருட்டி வைத்துக்கொண்டு
மலையேறுகின்றன.

பிறகு கண்ணாடிக்குள் இரண்டு நுரையீரல்.
ஒன்று புகைத்தவருடையது.
சட்டைப்பையில் சிகரெட் பெட்டி கனத்தது.
அங்கே நிற்கவில்லை.

நடுக்கூடத்தில் பிளாஸ்டிக் மனிதன்,
கழற்றி மாட்ட இருபத்தேழு துண்டுகள்.
நீலத் தொப்பிப் பையன் ஒருவன்
ஈரலைத் தலைகீழாகத் திணித்துக்கொண்டிருந்தான்.
பக்கத்தில் ஒருத்தி மண்ணீரலை உள்ளங்கையில் வைத்து
இது எதற்கு என்று உதடு பிதுக்கினாள்.
இரண்டையும் வாங்கினேன்.
கண் ஜன்னல் வழியே லாரியில் இருக்க,
கை தன்பாட்டுக்குப் பொருத்தி முடித்தது.
"நீங்கள் மருத்துவரா?" என்றாள் செவிலி.
சட்டையில் ஹோங்கோர்சுல் என்று அட்டை.
"இல்லை. ஆடு வளர்க்கிறேன்.
இவன் நிமிர்ந்து நிற்கிற ஆடு, அவ்வளவுதான்."

சிரித்தபடி அவள் இதயத்தைத் திறந்து காட்டினாள்.
மேலே எழுந்து, வளைந்து,
முதுகெலும்போடு ஒட்டி இறங்கும் குழாய்.
பெருந்தமனி, என்றாள்.
எனக்குத் தெரியும்.
படித்தல்ல, தொட்டு.

மல்லாக்கப் படுத்தி, நெஞ்சுக்குக் கீழே
கை நுழையும் அளவு ஒரு கீறல்.
உள்ளே வெதுவெதுப்பு, இருட்டு.
மூச்சுத்திரையைத் தாண்டி
துடிக்கிற ஒன்றை இரண்டு விரல் தேடும்.
கிடைத்ததும் வளைத்து ஒரே சுண்டு.
மண்ணில் ஒரு சொட்டு விழக்கூடாது.
ஆடு என்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே
தூரமாகிவிடும்.

இங்கே அதே குழாய், விளக்கடியில்,
சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, சும்மா இருந்தது.
தொடவில்லை.

"உட்காருங்கள், ரத்த அழுத்தம் பார்க்கலாம்."
பெயர் கேட்டாள்.
எனெபிஷ்.
எனக்கு முன்னால் பிறந்த இருவர் தங்கவில்லை.
மூன்றாவதைத் தேடி வருவது ஏமாந்து போகட்டும் என்று
அம்மா வைத்த பெயர்: இவனில்லை.
நாற்பத்தேழு வருடமாக ஏமாந்துகொண்டிருக்கிறது.

பட்டை உப்பியது. இறுகியது.
இன்னும் இறுகியது.
மாட்டிக்கொண்ட என் துடிப்பு
மேல்கையில் முட்டி முட்டிப் பார்த்தது.
யாரோ உள்ளே விரல்விட்டுத் தடவுகிறார்கள்,
அவசரமில்லாத கை,
பழகிய கை.
இவனில்லை, இவனில்லை என்றேன் வாய்க்குள்.
"பேசாதீர்கள், எண் கூடும்," என்றாள் ஹோங்கோர்சுல்.

நூற்று எழுபத்தெட்டு. நூற்று நான்கு.
எழுதி அடிக்கோடு போட்டாள்,
பிறகு அதன்கீழ் இன்னொரு கோடு.
தேநீரில் உப்பு எவ்வளவு?
ஒரு கைப்பிடி.
யாருடைய கை?
என் மனைவியுடையது, என்றேன். சிறிய கைதான்.
அவள் என் கையைப் பார்த்தாள்.

பம்பு தயாராகியிருந்தது.
அறுபது கிலோமீட்டர் பனி.
காகிதம் சிகரெட்டோடு ஒரே பையில் மடங்கிக் கிடந்தது.
கூடாரத்தில் அடுப்பு மூண்டு பால் பொங்க,
யன்ஜ்மா உப்புச் சாடிக்குள் கைவிட்டாள்.
"இன்றைக்கு அது வேண்டாமே."
திரும்பினாள்.
சாடியிலிருந்து எடுத்த கையை என் நெற்றியில் வைத்து
காய்ச்சலா என்று பார்த்தாள்.
உப்புக் கல் இரண்டு புருவத்தில் ஒட்டியது.

குடித்தேன்.
சட்டி கழுவிய தண்ணீர்.
இரண்டாவது தடவையும்
கிண்ணத்தை நீட்டினேன்.