கொறங்காட்டில் ஒரு ராத்திரி

வெள்ளகோவில் தாண்டி ஒரு கொறங்காடு.
கிளுவை வேலிக்குள் கூடாரம் அடித்தோம்,
நானும் பொரியும்.
படலைத் திறந்துவிட்ட சென்னியப்பன் சிரித்தார்:
"நாயக் கூட்டிக்கிட்டு நரி பாக்க வந்தீங்களாக்கும்?"

பொரிக்குப் பதினோரு வயசு.
காது மந்தம். இடது கண்ணில் பால்படலம்.
குரைப்பதை எப்போதோ விட்டுவிட்டது,
கரண்ட் கணக்கெடுக்க வருபவரைத் தவிர.

முக்காலியில் லென்ஸை ஏற்றி
வெள்வேல மரத்தடியையே குறிவைத்திருந்தேன்.
பக்கி ஒன்று மண்ணிலிருந்து எழும்பி
மண்ணாகவே மறுபடி அமர்ந்தது.
செம்மறிப் புழுக்கை வாசம்.
காங்கயத்துப் பக்கம் ஏதோ லாரி மேடேறியது.
இரண்டு மணிக்கு பிஸ்கட் தீர்ந்தது,
கடைசி ஒன்று பொரிக்கு.

விடியும் முன்பு அது எழுந்தது.
மூக்கைத் தூக்கி
என் கேமராவுக்கு நேர் எதிர்ப்பக்கம்
திரும்பி நின்றது.
வால் ஆடவில்லை.
"படுடா" என்றேன். கேட்டிருக்காது.

இழுத்துப் படுக்க வைக்கலாமென்று திரும்பினால்
பத்தடியில் நரி.
வாயில் வெள்ளெலி தொங்க
ஒரு முன்னங்காலை வைக்க மறந்து
பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.
நான் அங்கே இல்லவே இல்லை.

முக்காலியோடு சேர்த்துத் திருப்பி
ஒரே ஒரு தடவை அமுக்கினேன்.
அந்தச் சத்தத்துக்கு
வேலி மட்டும் அசைந்தது.

படத்தில் நரி மங்கல்,
பொரியின் முதுகும் மங்கல்.
நடுவே பனியோடு
ஒரு கொழுக்கட்டைப்புல் கதிர்,
மயிர் மயிராய்த் தெளிவு.

காலையில் பால் கொண்டுவந்த சென்னியப்பனிடம்
திரையைக் காட்டினேன்.
வெயிலுக்குக் கை மறைத்து
வெகுநேரம் பார்த்தார்.

"புல்லு நல்லா வந்திருக்குதுங்க" என்றார்.