ஹேய்க்கு அறுபத்தெட்டுக் கிலோமீற்றர்

பல்ரனால்டைத் தாண்டியபின் வளைவே இல்லை.
யாரோ அடிமட்டம் வைத்துக்
கீறிவிட்டுப் போன சாலை.
வெளியே நாற்பத்து மூன்று.
உள்ளே நாலு பேர், ஒரு குளிர்பெட்டி,
நாளைக் காலை ஒன்பதுக்குச் சிட்னியில்
றொபின்சனின் விசா விசாரணை.

முள் எழும்பியதை முதலில் கண்டது நான்.
சொல்லவில்லை.
இரண்டு கிலோமீற்றர் அதனோடு
மனசுக்குள் பேசிக்கொண்டு வந்தேன்,
கடன்காரனிடம் தவணை கேட்பதுபோல.

பிறகு ஏசியை நிறுத்தினேன்.
ஹீற்றரை முழுதாய்த் திறந்தேன்.
"உனக்கென்ன விசரா?" என்றான் குகனேசன்.
எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை
நாங்கள் வாங்கிக்கொள்வம் என்றேன்.
கண்ணாடிகள் இறங்கின.
அந்த நாற்பத்து மூன்றும்
குளிர்காற்றாய் வந்து முகத்தில் விழுந்தது.

முள் கேட்கவில்லை.
ஓரமெங்கும் காய்ந்த புல்.
அதன்மேல் நிறுத்தினால்
வண்டியின் அடிவயிறே
சமவெளிக்குக் கொள்ளி வைத்துவிடும்.
இன்று வெளியில் அடுப்பு மூட்டக்கூடாதென்று
காலையில் வானொலி சொன்னது.
சரளைக்கல் தெரியும்வரை இன்னும் முந்நூறு மீற்றர்,
மெதுவாக, மிக மெதுவாக.

நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன்.
இடப்பக்கக் கதவால் எல்லாரும் இறங்கி
வேலியோரம் போனோம்.

குகனேசன் துவாயோடு திரும்பி நடந்தான்.
றொபின்சன் ஒன்றும் சொல்லவில்லை,
பொனற்றுக்கு முன்னால் போய் நின்றான்.
சட்டைக்கையைச் சுருட்டினான்.
மன்னாரில் ஒரு உழவு இயந்திரம்,
மூடியைத் திறந்த அந்த ஒரு நொடி
முழங்கைவரை சுருங்கிக் கிடந்தது.
எங்களில் அவனுக்குத்தான் அவசரம்.

டிலானி தோடம்பழம் உரித்தாள்,
மில்டூராவில் நாங்களே பிடுங்கியவை.
மூன்று ட்ரக்குகள் வந்தன.
ஒவ்வொன்றும் வண்டியை ஒருமுறை
உலுக்கிப் பார்த்துவிட்டுப் போனது.
பத்தாம் நிமிடம் எல்லாரும் நேரம் பார்த்தோம்.
முப்பதாம் நிமிடம் யாரும் பார்க்கவில்லை.
அதிகாரியிடம் சொல்லவேண்டிய திகதிகளை
றொபின்சன் வாய்க்குள் அடுக்கிக்கொண்டிருந்தான்.
ஒரு திகதியில் ஒவ்வொரு தடவையும் நின்றான்.
யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

ஐம்பதாம் நிமிடம்
டிலானி பொனற்றில் புறங்கை வைத்தாள்.
"இப்ப சரி."
மடித்த துவாய். முகத்தை விலக்கியபடி
மூடியை ஒரு கால் திருப்பு.
ஸ்ஸ் என்று ஏதோ போனது. காத்திருந்தேன்.
பிறகு மிச்சத் திருப்பு.
உள்ளே தண்ணீர் இல்லை,
வட்டமாய் ஒரு இருட்டுத்தான்.

குளிர்பெட்டியின் ஐஸ்தண்ணீரைக் குகனேசன் நீட்டினான்.
அது வேண்டாம், சூட்டில் விட்டால் வெடிக்கும்.
வெயிலில் கிடந்த போத்தலைச் சரித்தேன்,
குழந்தைக்குப் பால் பருக்குகிற அளவு,
நிறுத்தி நிறுத்தி.

எண்பதுக்கு மேல் ஓடவில்லை.
ஹேய் வரும்வரை ஹீற்றரை யாரும் தொடவுமில்லை.
பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கதவு
தானாய் விலகியது.
அந்தக் குளிரில் நாலு பேரும் நடுங்கினோம்.

மெக்கானிக் திங்கள்தான் வருவான் என்றாள்
கல்லாவில் இருந்த பெண்.
சிட்னிக்கு இரவில் பஸ் இருக்கா என்று
றொபின்சன் கேட்டுக்கொண்டிருந்தான்,
சட்டைக்கையை இறக்கிப்
பொத்தானைப் பூட்டியபடி.