கை இருக்கட்டும்

கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
என் கடைக்கு வியாபாரம்.
கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை
ஜெராக்ஸ், லேமினேஷன்,
இல்லையென்றால் சும்மா ஃபேனுக்கடியில் நின்று
மானிட்டரை எட்டிப் பார்ப்பார்கள்.

கோவர்த்தனன் அப்படித்தான் வந்தார்.
கேரம் மன்றத்துக்கு இருபத்தைந்து வருஷம்.
பன்னிரண்டு பேர், ஒரு கோப்பை,
ஓரமெல்லாம் ஈரம் ஏறிய பழைய பிரிண்ட்.
"சுத்தி நல்லா பார்டர் போட்டுக் குடு.
பூவு, மயிலு, அதெல்லாம் வோணாம்.
அப்புறம்
இந்தக் கோடில நிக்கிறான் பாரு,
அவன் வோணாம்."

ஏனென்று நான் கேட்கவில்லை.
கேள்விக்கு என் ரேட் அட்டையில் இடமில்லை.

நெட்டில் இலவசமாக இறங்கும் பிரஷ்களில்
எங்கேயோ பூக்கிற பூக்கள்.
என்னுடையதை நானே செய்துகொள்கிறேன்.
கன்டெய்னர் கதவில் உரிந்த துரு,
சாக்குப் பையின் பிசிறு,
மழைக்கு மறுநாள் கால்வாயில் ஒதுங்கிய நுரை.
போனில் பிடித்து, நிறத்தை உறிஞ்சி,
வெள்ளை காற்றாகிக்
கறுப்பு மட்டும் மையாக நிற்கும்வரை
விடமாட்டேன்.

இதற்கு மன்றத்துக்கே போனேன்.
ஒரு சிட்டிகை போரிக் பவுடரைக்
கறுப்பு அட்டையின் மேல் ஊதினேன்.
"அக்கா, ஆட வந்தியா, ஊத வந்தியா?"
பையன்கள் சிரிப்பில் ஸ்ட்ரைக்கர் தப்பிப் போனது.
கடைக்கு வந்து படத்தை நெகட்டிவாக்கினேன்:
பொடி கறுத்தது, அட்டை வெளுத்தது.
கேரம் ஒண்ணு என்று பெயர் வைத்தேன்.
இடைவெளி இருபத்தெட்டு, சிதறல் நூற்று நாற்பது,
தொடும்போதெல்லாம் கோணம் மாறும்.

அழிரப்பரை நான் தொடுவதே இல்லை.
படத்துக்கு ஒரு மாஸ்க் போட்டால் போதும்.
அதில் கறுப்பைத் தீட்டினால்
கீழே இருப்பவர் ஒளிந்துகொள்வார்,
வெள்ளையைத் தீட்டினால் எழுந்து வருவார்,
சாம்பல் நிறத்துக்குப் பாதி மனசு.
யாரும் எங்கும் போவதில்லை.

மேலே, கீழே, இடப்பக்கம்,
பொடி தூவியதுபோல் ஓரம் கரைந்தது.
வலப்பக்கம் அந்த ஆள்.
கட்டம் போட்ட சட்டை போனது,
ஈறு தெரியும் சிரிப்பு போனது,
கை மட்டும் போகவில்லை.
பக்கத்தில் நிற்பவரின் தோள்மேல் கிடந்தது.
டயலை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய வாட்ச்.
பக்கத்தில் நிற்பவர்
மீசை முளைக்காத கோவர்த்தனன்.
கையை மறைத்தால் அவர் தோளும் போகும்.

பிரஷ் அளவை ஒன்பதுக்கு இறக்கி,
விரல் விரலாக இரண்டு மணி நேரம்.
டீ ஆறி ஆடை கட்டியது.
பாதி விரல் போயிருந்தபோது
அவரே வந்து நின்றார்.
வெளியே கேட் போட்டிருந்தது.
நிலக்கரி வேகன்கள். நான் எண்ணினேன்,
ஐம்பத்தெட்டு.
கடைசி வேகனும் போன பிறகு சொன்னார்:
"கை இருக்கட்டும்."
"யார் கைன்னு கேட்டா?"
"கேக்கட்டுமே."

மறைத்த விரல்களை வெள்ளையால்
திரும்ப வரவழைத்தேன்.

பிரேம் போட்டுச் சுவரில் சாய்த்திருந்தேன்.
செவ்வாய்க்கிழமை, மறுபடி கேட்.
பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒருத்தர்.
நாற்காலியில் உட்காராமல்
பிரேம் முன்னால் குனிந்து, ரொம்ப நேரம்.
"இந்த வாட்ச்சு எபினேசரோடது" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"நாந்தான்."

எனக்கு என்ன தோன்றியதோ
ஃபைலைத் திறந்தேன்.
ஷிஃப்ட்டை அழுத்தி மாஸ்க்கின்மேல் ஒரு கிளிக்.
சின்னதாய்ச் சிவப்புப் பெருக்கல் குறி,
பொடியெல்லாம் ஒரே நொடியில் காணோம்.
கட்டம் போட்ட சட்டையோடு
ஈறு தெரிய நின்றார் எபினேசர்,
கோப்பையில் ஒரு விரல் பட.

பார்த்தார்.
"மூடிடும்மா" என்றார்.
மூடினேன்.

எட்டுக் காப்பி, வெள்ளைப் பின்னணி.
அந்தப் படத்துக்குப் பார்டர் கிடையாது.
மோவாயை லேசாகத் தூக்குங்கள் என்றேன்.
மணிக்கட்டின் உள்பக்கம் வேறொரு வாட்ச்.
கேட் திறந்து ஹாரன்கள் கத்தின.
படம் எடுத்து முடித்தும்
எழுந்திருக்கவில்லை அவர்.