டோக்கன் நாற்பத்தொன்று

மேல வெளி வீதி வண்டி ஸ்டாண்டில்
இரவு ஒன்றரை.
சென்னை ரயில் இன்னும் திண்டுக்கல்லைத் தாண்டவில்லை.
கல்லாப்பெட்டி மூடிமேல் சாக்பீஸால்
ஏழு கட்டம் போட்டேன்.

இந்தக் கோடியில் மூன்று சிவப்பு, பைக் டோக்கன்.
அந்தக் கோடியில் மூன்று வெள்ளை, சைக்கிள் டோக்கன்.
நடுவில் ஒன்றுமில்லை.

பக்கத்தில் காலி இருந்தால் நகரலாம்.
எதிர் நிறத்தான் ஒருவனைத் தாவலாம்.
பின்னால் மட்டும் போகக் கூடாது.
சிவப்பு வெள்ளையின் இடத்துக்கும்
வெள்ளை சிவப்பின் இடத்துக்கும் போய்ச் சேரணும்,
அவ்வளவுதான்.

முதல் நாள் ஐந்தாவது அடியிலேயே முட்டிக்கொண்டது.
ஒரே நிறத்தான் இரண்டு பேர்
நடுவழியில் தோளோடு தோள் ஒட்டி நின்றால் போச்சு,
முகூர்த்த நாள் சிம்மக்கல் மாதிரி
ஒருத்தனும் அசைய முடியாது.

ஒன்றுக்கு ஒன்று வைத்தால் மூன்று அடி.
இரண்டுக்கு இரண்டு, எட்டு.
மூன்றுக்கு மூன்று பதினைந்து.
பதினான்கில் முடியாதா என்று
ஒரு வாரம் தூக்கம் கெட்டது.
நான்குக்கு நான்கு இருபத்து நான்கு;
விடிந்துவிட்டது.

வசூல் நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தேன்:
3, 8, 15, 24.
எதிரே கட்டணக் கழிப்பறையில் உட்காரும் பாத்திமுத்து
சில்லறை மாற்ற வந்தவள் எட்டிப் பார்த்தாள்.
"என்னப்பா, எல்லாத்துலயும் ஒத்த ரூவா கொறையுது?"

4, 9, 16, 25.
சதுரம். சதுரம். சதுரம். சதுரம்.
நான் அவளுக்குத் தர வேண்டிய சில்லறையைக்
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.
அந்த ஒன்றை யார் எடுத்துப் போனது?

வெள்ளிக்கிழமை மகபூப்பாளையத்துக்காரர் ஒருவர்
வெள்ளை நாற்பத்தொன்றைத் தொலைத்துவிட்டு வந்தார்.
இருபது ரூபாய் அபராதம், ஒரு கையெழுத்து,
பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.
இந்தக் காலத்தில் சைக்கிள் டோக்கனே மொத்தம் ஐந்துதான்.
இரண்டு வெளியே இருந்தன.
என்னிடம் மிச்சம் இரண்டு.

சரி, மூன்று சிவப்பு, இரண்டு வெள்ளை.
ஒரு கட்டத்தை எச்சில் தொட்டு அழித்தேன்.
ஆடினால் பதினொன்று வந்தது.
ஒன்று கூட்டினால் பன்னிரண்டு,
சதுரமே இல்லை.
நாலு மூணு பன்னிரண்டு...
நாலு மூணு.

சிவப்பு மூன்றோடு காலியிடத்தையும் சேர்த்தால் நால்வர்.
வெள்ளை இரண்டோடு அதே காலியிடம், மூவர்.
இந்தப் பக்கத்து ஒவ்வொருவரும்
அந்தப் பக்கத்து ஒவ்வொருவரையும் பார்த்தே ஆகணும்.
சிவப்பும் வெள்ளையும் பார்த்தால் ஒரு தாவல்.
நிறமும் காலியும் பார்த்தால் ஒரு நகர்வு.
(எந்த டோக்கன் எத்தனை முறை நகர்ந்தது என்று கேட்காதீர்கள்,
ஆளாளுக்குப் பிரித்தால் இடிக்கும்.
மொத்தத்தில் சரியாக இருக்கும்,
எங்கள் முதலாளியின் கணக்கு போல.)

காலியும் காலியும் பார்த்தால்?
அதற்கு அடி ஏது.

"கெடைச்சுதா ஒன் ஒத்த ரூவா?"
வீதியைக் கடக்காமலே கத்தினாள் பாத்திமுத்து.
"கெடைச்சுது."
"எவன் எடுத்தான்?"
"யாரும் எடுக்கல. அது ரூவாயே இல்ல."
அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ரயில் வந்துவிட்டது.
பெட்டியும் பையுமாக வெளியே வருகிறவர்கள்,
அனுப்ப வந்து தாமதித்து உள்ளே ஓடுகிறவர்கள்,
இரண்டு வண்டி வரிசைக்கு நடுவே
ஓராள் அகலச் சந்து.
ஒருவர் ஸ்கூட்டர் இடுக்கில் ஒதுங்கி நிற்க
இன்னொருவர் தாண்டிப் போகிறார்.

எண்ண ஆரம்பித்திருந்தேன்.
"அண்ணே, செவப்பு எண்பத்தாறு,"
யாரோ டோக்கனை நீட்டி
என் கட்டங்களின் மேலேயே வைத்தார்.