அசைய ஒரு விரற்கடை

பதினோரு மணி நேரம்தான் பறந்திருந்தது.
கீழ்க்கவசத்தைக் கழற்றினோம்.
இடது புகைக்குழாயில் சாம்பல்.

ஈஸ்டன் பக்கம் கரும்பு எரிக்கிறார்கள்,
காற்று அதை கேட்டோ ரிட்ஜ் வரை கொண்டுவரும்,
அதுதான் என்று துணியால் துடைத்தேன்.
கரும்புச் சாம்பல் கறுப்பு.
இது வெளுப்பு,
நீறு தொட்ட விரலை
யாரோ பற்றவைப்பில் இழுத்ததுபோல.
அடியில் மயிரிழையாய் ஒரு விரிசல்.

நான்தான் முறுக்கினேன்.
தொங்குவது ஆடக் கூடாதென்று
குழாயின் வாலைத் தீச்சுவரோடு
இரண்டு தகடு வைத்து இறுக்கி
உலுக்கிப் பார்த்து,
"கல்லு மாதிரி" என்றேன் சக்ரன் மூட்லியிடம்.
அவன் அன்றைக்கே ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சின் ரப்பர்க் காலில் நிற்கிறது.
கிளம்பும்போது
நனைந்த நாய்போல் உடம்பை உதறும்.
நிற்கும்போது இன்னும் மோசம்,
போகமாட்டேன் என்று ஒரு கடைசி உதறல்.
குழாயின் தலை அதோடு போகும்.
வாலை நான் பிடித்து வைத்திருந்தேன்.
நடுவில் அந்தப் பற்றவைப்பு,
பாவம், இரண்டு பேருக்கும் பதில் சொல்லி.

"எஞ்சினோடு போறதை எஞ்சினோடே கட்டு."
அவ்வளவுதான் சக்ரன்.

இசிபிங்கோ கடையில் ஒரு சாண் ரப்பர்க் குழல் கேட்டேன்.
எந்த வண்டிக்கு?
விமானம் என்றால் விலை பறக்கும்.
பழைய பக்கி வேனுக்கு என்றேன்.
ரசீதிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

எண்ணெய்த் தொட்டி போல்ட்டிலிருந்து ஒரு மெல்லிய எஃகுக் குச்சி,
புதுக்குழாயின் பட்டையிலிருந்து இன்னொன்று,
இரண்டும் தொடாமல்
ரப்பருக்குள் எதிரெதிரே.
வலப்பக்கமும் அப்படியே.
இரு குழாய்க்கும் குறுக்கே ஒரு தண்டு போட்டதும்
காவடி மாதிரி இருந்தது.
நான் சொல்லவில்லை, சக்ரன் சொன்னான்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம்.
விசிறி நின்ற கணம்
குழாய்கள் இரண்டும் ஒரு விரற்கடை ஆடின.
என் கை தானாக ஸ்பேனரைத் தேடியது.
"விடு, பிரேமி."
ஆடி, அடங்கி, பழைய இடத்துக்கே வந்தன.
இருக்கை முன்னால் ஒட்டிய நச்சுப்புகை அட்டையில்
ஆரஞ்சுப் பொட்டு கறுக்கவில்லை.

பதிவேட்டை எடுத்தேன்.
இடது குழாய் மாற்றப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
'விரிசல்' என்று எழுதினேன்.
சக்ரன் படித்தான்,
என்னை ஒருமுறை பார்த்தான்,
கையெழுத்துப் போட்டான்.