மறுகா

முதல் வரவு மூவாயிரமும் ஒரு றீலோட் காட்டும்.
களுவாஞ்சிக்குடியில் போன் கடைத் திறப்புவிழா.
ரிப்பன் வெட்டினவர் பேசி முடிக்கும் வரைக்கும்
ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல் குந்தியிருந்தேன், மடியில் கிற்றார்.
இரண்டாம் பாட்டுக்குள் முதலாளி வந்து காதுக்குள் சொன்னார்:
"தங்கச்சி, ஆக்களுக்குத் தெரிஞ்ச பாட்டாப் படிங்க."

எனக்குத் தெரிந்தது என் பாட்டுத்தான்.
அதையே திருப்பிப் படித்தேன், கொஞ்சம் சத்தமாக.

அந்தக் கணக்குக் கொப்பி இன்னும் இருக்கு.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.
இடப்பக்கத்தில் வெள்ளை கூட.

காத்தான்குடி நௌபீஸ் ட்ரம்ஸ்; பகலில் டைல்ஸ் விற்பான்.
டச்பார் ஒஸ்மன்ட் பேஸ் கிற்றார்; பகலில் வெல்டிங்.
ஒத்திகை அவன்ட பட்டறையில்,
ஒரு கேற்றுக்குப் பூசின பெயின்ற் காயும் நேரம் மட்டும்.
மூன்றாம் பாட்டின் தாளம்
கிரைண்டர் இரும்பில் திக்கித் திக்கி அரைந்தபோது வந்தது.
சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

கொழும்பில் ஒருவர். குளிரூட்டிய அறை,
முட்டைத் தட்டுப் போல் சுவர்.
குரல் பிடித்திருக்கு என்றார், மெட்டும்.
"இந்த 'மறுகா' எண்டது என்ன சொல்?
மட்டக்களப்புக்கு வெளியில விளங்காது. 'பிறகு' எண்டு மாத்துங்கோ."

மாற்றிப் பார்த்தேன், அவருக்கு முன்னாலேயே.
பிறகு
குறிலில் விழுந்து அங்கேயே படுத்துவிடுகிறது.
இழுத்தால் 'பிறகூ' என்று நக்கலடிக்கிற மாதிரி.
மறுகாவின் கடைசியில் ஒரு கதவு திறந்து கிடக்கு.
அந்தக் 'கா'வை நாலு தட்டுக்கு நான் பிடித்து வைத்திருப்பேன்,
ஒஸ்மன்ட் கீழே இறங்கிப் போய்
ஏறி வருகிற வரைக்கும்.

கோப்பி தந்தார். குடித்தேன்.
இரவு பஸ்ஸில் கிற்றாருக்கும் டிக்கெற் கேட்டார் கொண்டக்டர்.
புணானையில் யானைக்காக நின்றபோது விடியவில்லை.

ஐந்நூறு சீடி அடித்தோம்.
விற்றது நூற்று முப்பத்தேழு,
அதில் நாற்பது ஒஸ்மன்டின் சொந்தக்காரர்.
மிச்சம் கட்டிலுக்குக் கீழே மூன்று வருசம்.
வெல்லாவெளியில் வயல் செய்கிற அத்தான் ஒருநாள் கேட்டார்:
"அது மினுங்கும்தானே?"
தங்கூசியில் கட்டி வரம்பு நெடுகத் தொங்கவிட்டார்.
வெயிலில் சுழன்றது என் முகம், முந்நூற்றுச் சொச்சம் தரம்.
அந்தப் போகம் கிளி இறங்கவில்லை.
மயிலும் வரவில்லை.
என் முதல் அல்பத்துக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான்.

பேட்டி எடுக்க வருகிற எல்லாரும்
கல்லடிப் பாலத்தடிப் பாடும் மீனைப் பற்றிக் கேட்கிறார்கள்.
நான் கேட்டதில்லை.
அதுக்கு யார், எவ்வளவு குடுக்கிறார்கள் என்று
விசாரித்துச் சொல்லுங்கள்.

இணையத்தில் இரண்டு வருசத்துக்குப் பதினொரு டொலர்.
ஆனால் அதில் ஒரு வரைபடம் காட்டும்,
எந்த ஊரில் எத்தனை பேர் என்று.
தோஹாவில் ஒரு ஆள். ஒன்று, எப்போதும் ஒன்று.
ஒவ்வொரு நாளும் அந்த மூன்றாம் பாட்டு மட்டும்.
மணித்தியாலக் கணக்கில் அவனுக்கு ஒரு முகம் செய்திருந்தேன்,
தலையில் ஹெல்மெற் அடையாளம், இரட்டைக் கட்டிலில் மேல்தட்டு.
பெண்ணாகவும் இருக்கலாம்.
பங்குனியில் அந்தப் புள்ளி இல்லை.
விசா முடிந்து வந்திருக்கலாம். போன் உடைந்திருக்கலாம்.
பாட்டு அலுத்திருக்கலாம், அதுவும் நியாயம்தான்.
அடுத்த கிழமையும் பார்த்தேன்.
இப்பவும் பார்க்கிறேன், ஏன் பொய் சொல்வான்.

நேற்று திருக்கோவிலில் கச்சேரி.
நூறு கதிரை போட்டார்கள், மழைக்குணம்,
முப்பது பேர் இருந்திருப்பார்கள்.
அந்தக் 'கா'வை ஆறு தட்டுக்குப் பிடித்தேன்;
கடற்காத்து மைக்குக்குள் வந்து மற்றக் குரல் படித்தது.
நௌபீஸ் குச்சியைத் தூக்கினவன் அப்படியே நின்றான்.

முடிந்து வயர் சுற்றுகையில்
சவுண்ட் செற்காரத் தம்பி வந்தான், கையில் பில்.
நாலாயிரத்து ஐந்நூறு பாக்கி.
"மறுகா தாறன்" என்றேன்.

அவனுக்கு நல்லா விளங்கிற்று.
வயரை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான்:
"மறுகா எண்டா, எப்பகா?"